கோடி ரூபாய் வண்டியும் குடும்பக் கணக்கும்

மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதாகும். பத்து இலட்சம் ரூபாய் வண்டிக்கு அது பொருத்தமான கேள்வியே. ஒன்றேகால் கோடி, ஒன்றரைக் கோடி என்று விலை சொல்லப்படும் பெரிய எஸ்.யூ.வி. வண்டியைப் பார்த்துவிட்டும் அதே கேள்வியைக் கேட்பது, யானை வாங்க வந்தவன் அங்குசத்தின் விலையை விசாரிப்பது போன்றது.

பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் தொழில் நடத்தியோ, பெரும் பதவிகளை வகித்தோ நல்ல நிலைக்கு வந்துள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. ஊரை விட்டு வந்து இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர், ஒரு கோடை விடுமுறையில் அத்தகைய வண்டியில் மனைவி மக்களோடு சொந்த ஊருக்குள் நுழைய வேண்டும் என்று ஆசைப்படுவதில் வியப்பில்லை. அந்த ஆசையை நாம் குறை கூறப் போவதில்லை. அதற்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விலை என்ன, அந்த விலைக்குக் கிடைப்பது என்ன என்பதை மட்டும் இங்கே கணக்கிட்டுப் பார்ப்போம். வெளிமாநிலத்தில் வாழ்வதனாலேயே நம்மவர்க்கு நேரும் சில சிக்கல்களும் உண்டு. அவற்றையும் பிறகு சொல்வோம்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். உயரமான உடலும், மூன்று வரிசை இருக்கைகளும், ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், ஏறக்குறைய இரண்டரை டன் எடையும் உடைய சொகுசு வண்டிகளே நம் பொருள். மெர்சிடிஸ் பென்ஸ் ஜி.எல்.எஸ்., பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 7 ஆகியவை இவ்வகையில் நம் நாட்டில் பெரிதும் காணப்படுபவை. முன்னதைப் புனேக்கு அருகிலுள்ள சாக்கனில் பொருத்துகிறார்கள். பின்னதைப் பொருத்துவது செங்கற்பட்டுக்கு அருகே 2007ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தொழிற்சாலையில். நம் ஊர்ப் பிள்ளைகளின் கைபட்ட வண்டி என்று பெருமைப்படலாம், ஆனால் அதற்காக விலையில் ஒரு ரூபாயும் குறையாது. ரேஞ்ச் ரோவர் வண்டியை 2024 முதல் புனேயில் பொருத்தத் தொடங்கியபோது அதன் விலை பல இலட்சம் ரூபாய் இறங்கியது. முழு வண்டியாகக் கப்பலில் வந்திறங்குவதற்கும், உதிரிகளாக வந்து இங்கே பொருத்தப்படுவதற்கும் சுங்க வரியில் அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. டொயோட்டா லேண்ட் குரூசர் 300 போன்றவை முழு வண்டியாகவே வருகின்றன.

இனி விலைக்கு வருவோம். ஷோரூம் விலை 1 கோடியே 30 இலட்சம் என்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் சரக்கு சேவை வரி அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 வரை இவ்வகை வண்டிக்கு வரி 28 விழுக்காடும் அதன்மேல் ஈட்டுத் தீர்வை 22 விழுக்காடுமாக, மொத்தம் 50 விழுக்காடு இருந்தது. அன்று முதல் தீர்வை நீங்கி, வரி 40 விழுக்காடு ஆயிற்று. நம் வண்டியின் விலையில் ஏறக்குறைய 37 இலட்சம் இவ்வரியே. இதன்மேல் மாநில அரசின் சாலை வரி. பெங்களூரில் பதிவு செய்தால், 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வரி 18 விழுக்காடு. தீர்வையும் சேர்ந்தால் 20 விழுக்காட்டை ஒட்டிவிடும். அது 26 இலட்சம் ரூபாய். ஆக, வண்டியும் சாலை வரியுமாகக் கொடுக்கும் 1 கோடியே 56 இலட்சத்தில் 63 இலட்சம், அதாவது நூற்றுக்கு நாற்பது, வரியாகவே போய்விடுகிறது.

வரி கொடுப்பது குடிமக்கள் கடமை. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. வரியாகக் கொடுத்த பணம் வண்டியில் எந்த உறுப்பாகவும் இல்லை. எனவே நாளை விற்கும்போது வாங்குகிறவர் அதற்குத் தனியாக விலை தரமாட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மோட்டார் வண்டி அந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் கையாளும் தேய்மான அட்டவணையையே பாருங்கள்: ஓராண்டு நிறையும்போது 15 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு என்று மதிப்பைக் கழித்துக்கொண்டே போகிறார்கள். சந்தையில் இவ்வகை வண்டிகள் இதைவிட வேகமாக விலை இறங்குவதும் உண்டு. நாம் தாராளமாகவே கணக்கிட்டு, ஐந்தாண்டு கழித்துப் பாதி விலையான 65 இலட்சத்துக்கு விற்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது இழப்பு 91 இலட்சம். ஆண்டுக்கு 18 இலட்சத்து 20 ஆயிரம்.

அடுத்தது வட்டி. கையிலிருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினாலும் வட்டி உண்டு. அந்தப் பணம் வைப்பு நிதியில் இருந்திருந்தால் ஈட்டியிருக்குமே, அதுவே இங்கு வட்டி. 1 கோடியே 56 இலட்சத்தில் தொடங்கி 65 இலட்சத்தில் முடியும் முதலின் சராசரிக்கு 7 விழுக்காடு போட்டால் ஆண்டுக்கு 7 இலட்சத்து 70 ஆயிரம் வருகிறது. இன்ஷூரன்ஸுக்கு 3 இலட்சம், சர்வீஸுக்கும் டயருக்கும் 2 இலட்சம் என்று மதிப்பிடுவோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால், பெட்ரோலுக்கு ஆகும் செலவு ஒன்றரை இலட்சம்.

எல்லாம் கூட்டினால் ஆண்டுக்கு 32 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இதில் பெட்ரோல் இருபதில் ஒரு பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கிலோமீட்டருக்கு 270 ரூபாய். வண்டி வாசலில் நின்றாலும் சரி, ஓடினாலும் சரி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 8,900 ரூபாய். டிரைவர் சம்பளத்தை நாம் சேர்க்கவில்லை. இந்த எண்கள் நாம் மதிப்பாக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் வரியையும், உங்கள் ஓட்டத்தையும் போட்டு நீங்களே ஒரு தாளில் கணக்கிட்டுக் கொள்ளலாம். தொகை சற்றுக் கூடும் அல்லது குறையும். கணக்கின் உருவம் மாறாது.

இதை எதனோடு ஒப்பிடுவது? சொகுசு வண்டி வேண்டாம், நடந்து போங்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஏழு பேர் அமரக்கூடிய, 30 இலட்சம் ரூபாய் விலையுள்ள இன்னோவா போன்ற ஒரு ஹைபிரிட் வண்டியை அதே முறையில் கணக்கிட்டால் ஆண்டுச் செலவு 8 இலட்சத்தைச் சுற்றி நிற்கிறது. வேறுபாடு 24 இலட்சம். ஐந்தாண்டில் 1 கோடியே 20 இலட்சம். இந்தத் தொகையைச் சொல்லும்போது, அது எதன் பெயரில் ஒதுக்கி வைத்த பணம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது பெண்ணின் மேற்படிப்பு. சிலருக்கு ஊரில் எழுப்ப நினைத்திருக்கும் வீடு. வேறு சிலருக்கு, எழுபதைக் கடந்த தாய் தந்தையரின் மருத்துவச் செலவுக்கு இருக்கும் ஒரே காப்பு. எதற்கும் தொடாமல் கிடக்கும் உபரிப் பணந்தான் என்றால், கணக்கு வேறு.

கடன் வாங்கி வாங்குவோர் இன்னும் நிதானிக்க வேண்டும். ஒரு கோடி ரூபாயை 9 விழுக்காடு வட்டிக்கு ஐந்தாண்டுத் தவணையில் எடுத்தால், மாதத் தவணை 2 இலட்சத்து 7 ஆயிரத்துக்கு மேல். வட்டி மட்டும் இருபத்து நான்கரை இலட்சம். தொழில் நடத்துவோருக்கு ஒரு மாதம் வரவு தவறினாலும் தவணை தவறாது. "கணக்கில் தேய்மானம் எழுதிக்கொள்ளலாமே" என்று சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் எழுதலாம் என்பது உண்மையே. ஆயினும் அதனால் மிஞ்சுவது செலவில் ஒரு பகுதிக்குரிய வரி மட்டுமே, செலவு முழுவதும் அல்ல. அதுவும் தொழிலுக்குப் பயன்படும் அளவுக்கே. கார் வாங்கும்போது கொடுத்த சரக்கு சேவை வரியைப் பெரும்பாலான தொழில்களில் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இவ்வளவும் கொடுத்தபின் கிடைப்பது என்ன? நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், நிறையவே கிடைக்கிறது. குழியும் மேடும் அறியாத ஓட்டம், கதவை மூடியதும் தெருவின் இரைச்சல் அடங்கிவிடும் அமைதி, மலைப்பாதையில் திணறாத எஞ்சின், இரவில் நெடுந்தூரம் காட்டும் விளக்கு, பத்து மணி நேரப் பயணத்துக்குப் பின்னும் நோகாத முதுகு. இவை விளம்பரப் பேச்சல்ல. ஆனால் இவற்றில் பெரும்பகுதி இரண்டாம் வரிசையில் அமர்கிறவருக்கே உரியது. மூன்றாம் வரிசை இந்த வண்டிகளில் மற்றவற்றைவிட நன்றாக இருப்பினும், ஏழு பேரும் அமர்ந்துவிட்டால் சாமான்களுக்கு எஞ்சும் இடம் ஏறத்தாழ 350 லிட்டர். ஒரு சிறு காரின் டிக்கி அளவு! ஊருக்குப் போகும்போது இரண்டு பெட்டி. திரும்பும்போது அரிசி மூட்டை, ஊறுகாய்ச் சாடி, முருங்கைக்காய்க் கட்டு, அத்தை கொடுத்த பலாப்பழம். நம்மவர் பயணம் எப்படியிருக்கும் என்று ஜெர்மானியப் பொறியாளர் அறிந்திருக்க நியாயமில்லை.

எனவே ஷோரூமுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். அம்மாவையும் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். அம்மா புடவையோடு ஏறி இறங்கட்டும். இவ்வண்டிகளின் தரைமட்டம் உயரம். ஏர் சஸ்பென்ஷன் உள்ளவற்றில் நிறுத்தும்போது உடலைச் சிறிது தாழ்த்தலாம், பக்கவாட்டில் படியும் வைப்பார்கள். அப்படியும் முழங்கால் வலி உள்ளவர் கைப்பிடியைப் பற்றித் தொங்க நேர்ந்தால், யாருக்காக வாங்குகிறோமோ அவருக்கே அது உதவவில்லை என்று பொருள்.

வாங்குமுன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் அடுக்ககத்தின் நிறுத்துமிடத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பல இடங்களில் ஒரு காருக்கு ஒதுக்குவது 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும். ஜி.எல்.எஸ். வண்டியின் நீளம் 5.2 மீட்டர், எக்ஸ் 7 அதற்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் குறைவு. அகலம் கண்ணாடிகளை நீக்கியே இரண்டு மீட்டரை ஒட்டும். இரு பக்கமும் தூண் இருந்தால் கதவைத் திறந்து இறங்குவது எப்படி? பம்பாய் போன்ற நகரங்களில் காரை அடுக்கடுக்காக ஏற்றி நிறுத்தும் இயந்திரங்களில் எடை வரம்பும் உயர வரம்பும் எழுதி ஒட்டியிருக்கும். அதைப் படிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். பெரிய வண்டி உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லுவதில் உண்மை உண்டு. வெளியே இருப்பவரின் நிலை வேறு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் 2023இல் வெளியிட்ட முடிவின்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிந்த முகப்புடைய வண்டிகளைவிட, நடந்து செல்வோர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம். உயர்ந்த பானெட்டுக்கு முன்னே நிற்கும் நாலு வயதுக் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊருக்குப் போனால் வண்டியைச் சுற்றிக் கூடுவோர் முதலில் குழந்தைகள்தாம். சுற்றிலும் காட்டும் காமிரா இருக்கிறதென்று சொல்வார்கள். அது சகதி படியாதிருக்கும்வரை உதவும்.

இனி ஊருக்குப் போகும் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பலருக்கு ஆசையின் வேர் அங்கேதான் இருக்கிறது. டில்லியிலிருந்து சென்னைக்குச் சாலை வழி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். ஆக்ரா, குவாலியர், நாகபுரி, ஹைதராபாத் வழியாக இரண்டு இரவு தங்கிச் செல்லும் பயணம் அது. ஆண்டுக்கு எத்தனை முறை போவீர்கள்? பிள்ளைகளின் பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு முறை போனாலே பெரிது. பெங்களூரிலிருந்து சென்னை 350 கிலோமீட்டர்தான். அவர்கள் அடிக்கடி போகலாம், ஆனால் அந்தத் தொலைவுக்கு எந்த நல்ல வண்டியும் போதும். முன்னே சொன்ன 24 இலட்சம் வேறுபாட்டைக் கொண்டு, நாளொன்றுக்கு 20,000 ரூபாய் கொடுத்து ஒரு சொகுசு வண்டியை டிரைவரோடு வாடகைக்கு அமர்த்தினால், ஆண்டில் 120 நாள் அதில் போகலாம். ஊரார் பார்க்கும் வண்டி வாடகையா சொந்தமா என்பது எண்பலகையின் நிறத்தில் தெரிந்துவிடுமே என்றால், அந்த வேறுபாட்டுக்கு ஒருவர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை அவரவரே முடிவு செய்யலாம்.

வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருகிறோம். சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டில்லியில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிக்கு 10 விழுக்காடு, டீசலுக்குப் பன்னிரண்டரை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 20 விழுக்காடு. டில்லியில் வரி குறைவென்று அங்கே பதிந்து, வண்டியை ஊரில் அண்ணன் வீட்டில் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். உத்தியோக மாற்றத்தில் போகிறவருக்கும் இதே விதி. புதிய மாநிலத்தில் வரியை முதலில் கட்டிவிட்டு, எஞ்சிய ஆண்டுகளுக்கான தொகையைத் திருப்பிக் கேட்டுப் பழைய மாநிலத்துக்கு மனுப்போட வேண்டும். சிறு காரானால் இது சில ஆயிரங்களுக்கான அலைச்சல். நம் வண்டிக்கு இது பத்து, பதினைந்து இலட்சம் ரூபாய் நெடுநாள் சிக்கிக் கிடக்கும் காரியம்.

டில்லிவாசிகள் டீசலைப் பற்றித் தனியாக எண்ணவேண்டும். 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் வண்டிகளை டில்லி வட்டாரத்தில் பதிவு செய்வதையே நிறுத்தி வைத்தது. 2016 ஆகஸ்டில் ஒரு விழுக்காடு சுற்றுச்சூழல் கட்டணத்தோடு அனுமதித்தது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018இல் அதே கோர்ட்டு உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் பழைய வண்டிகள்மீது நடவடிக்கை வேண்டாம் என்று சொல்லி, டிசம்பரில் அச்சலுகையை பாரத் 4ஆம் தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. இவ்வாறு அசையும் விதிகளுக்கு நடுவே ஒன்றரைக் கோடியைப் போடுகிறவர், பதினைந்து ஆண்டுக்குக் கட்டும் வரியில் எத்தனை ஆண்டைப் பயன்படுத்துவோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு, யார் வாங்கலாம்? வீட்டில் ஆறேழு பேர், வாரந்தோறும் சேர்ந்து வெளியூர் போகிறவர்கள். முதுகுத் தொல்லையோடு தொழில் நிமித்தம் ஆண்டுக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் சாலையிலேயே கழிப்பவர்கள். இவர்களுக்கு அந்தச் சொகுசு வீண் அல்ல. ஓட்டம் கூடக் கூடக் கிலோமீட்டர்ச் செலவும் வெகுவாக இறங்கும். நம் அளவுகோல் ஒன்றைச் சொல்கிறோம்: வண்டியின் ஆண்டுச் செலவு, குடும்பம் ஓர் ஆண்டில் மிச்சப்படுத்தும் தொகையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நம் கணக்கின்படி, ஆண்டுக்கு 1 கோடியே 30 இலட்சம் மிச்சம் பிடிக்கிறவருக்கே இது கவலையில்லாத வண்டி. கடுமையான அளவு என்று தோன்றலாம். மூன்று நான்கு ஆண்டு ஓடிய வண்டியை வாங்கினால் முதல் இழப்பை வேறொருவர் சுமந்திருப்பார், அளவும் தளரும். ஆனால் உத்தரவாதம் முடிந்த இவ்வகை வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் பழுதானால் வரும் பில் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். நிறுவனத்தின் நீட்டித்த உத்தரவாதம் இன்னும் செல்லுபடியாகும் வண்டியாகப் பார்த்து எடுங்கள்.

வாங்குவதென்று முடிவு செய்தவருக்கு, மாற்றலாகிப் போகும் உத்தியோகமானால், பி.எச். வரிசைப் பதிவு 2021 செப்டம்பர் முதல் இருக்கிறது. மத்திய, மாநில அரசு ஊழியர், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்கு அது கிடைக்கும். சொந்தத் தொழில் நடத்துவோருக்குக் கிடைக்காது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 12 விழுக்காடு, டீசலுக்கு 2 கூடுதல், மின்சார வண்டிக்கு 2 குறைவு. சரக்கு சேவை வரியை நீக்கிய விலைமீதே இதைக் கணக்கிடுகிறார்கள். பதினைந்து ஆண்டுக்கும் ஒரே தடவையில் கட்டாமல், இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். மாநிலம் மாறினாலும் எண் மாறாது. தனியார் நிறுவனத்தில் இருப்பவர், அலுவலகத்திலிருந்து 60ஆம் படிவத்தில் சான்றிதழ் வாங்கி, வண்டியைப் பதிவுக்கு அனுப்புமுன் விற்பனையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். முன்பே மாநில எண்ணில் பதிந்த வண்டியையும் உரிய வரியைக் கட்டி இவ்வரிசைக்கு மாற்ற 2022 டிசம்பரில் வழி செய்திருக்கிறார்கள்.